பணம் கட்டச் சொல்பவர் பதிப்பாளரா?

கேள்வி: என் முதல் நாவலின் கதைச் சுருக்கத்தையும் மூன்று அத்தியாயங்களையும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். 'எங்கள் வெளியீட்டுக்குப் பொருந்தவில்லை' என்று ஒற்றை வரியில் மறுத்துவிட்டார்கள். இன்னொருவர் 60,000 ரூபாய் கட்டினால் 500 பிரதி போட்டுத் தருகிறேன் என்கிறார். நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா, இல்லை நானே வெளியிட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: நகையைத் தொடாதீர்கள். மற்றதைப் பேசுவோம்.

மறுத்தது ஒரே ஒரு பதிப்பகம். அந்த ஒற்றை வரியை வைத்து நாவல் மோசம் என்றும் சொல்ல முடியாது, குறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்னும் இரண்டு மூன்று இடங்களுக்கு அனுப்புங்கள். அதற்குள், முகத்துக்கு நேராகக் குறை சொல்லக்கூடிய ஒருவரிடம் முழுதாகப் படிக்கக் கொடுங்கள்.

சொந்தமாக வெளியிடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தபோது, 'புத்தகத்தை வாங்கிக்கொள்கிறோம்' என்று முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். இன்றைக்கு 'முன்வெளியீட்டுத் திட்டம்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

சரி, அந்த 60,000க்கு வருவோம். தன் காசைப் போட்டு, நஷ்டம் வந்தால் தானே தாங்குகிறவர்தான் பதிப்பாளர். உங்கள் காசில் போடுகிறவர் அச்சிட்டுத் தருகிறார், அவ்வளவுதான். ஒரு பிரதிக்கு 120 ரூபாய் ஆகிறது. விலை 250 என்று வைத்து, கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 162 ரூபாய் சொச்சம். போட்ட பணம் திரும்பவே 370 பிரதி விற்க வேண்டும். அதுவரை கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகள், கரையான் பயம், கூரியர் அலைச்சல்.

நானாக இருந்தால் முதலில் அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் போடுவேன். 2016 கடைசியிலிருந்தே அங்கே தமிழ் மின்நூல் வெளியிடலாம், கட்டணம் கிடையாது. யூனிகோடில் தட்டிய வேர்டு கோப்பும் ஓர் அட்டைப்படமும் போதும். அங்கேயே 'கேடிபி செலக்ட்' என்று ஒரு தனியுரிமைத் திட்டம் இருக்கிறது; அதில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி போன்ற கதைத் தளத்தில் தொடராகப் போட்டிருந்தால் முன்னாடியே எடுத்துவிடுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. அச்சில் வேண்டுமென்றால் பி.ஓ.டி. முறையில், அதாவது தேவைப்படும் அளவுக்கு மட்டும் அச்சிடும் முறையில், ஐம்பது பிரதி போடுங்கள். பிரதிக்கு விலை கூடும்தான், ஆனால் வீட்டில் மூட்டை சேராது. புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னை மத்திய அரசு இலவசமாகவே தருகிறது. அதற்கென்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் உஷாராகிவிடுங்கள்.

கையில் இருக்கும் காசை மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுங்கள். உங்கள் கடிதத்திலேயே நாலு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம், நாவலிலும் விட்டுப்போயிருக்கும்.

அப்புறம், யாரிடம் போனாலும் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். 'அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே' என்று இருந்தால் மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை எல்லாம் அதோடு போய்விடலாம். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.