சனிக்கிழமை 1200 மீட்டர்: எந்தக் குதிரை, ஏன்?

தண்டையார்பேட்டை மாடியில் மாதம் ஒருமுறை நாங்கள் ஓட்டும் கம்ப்யூட்டர் குதிரைப் பந்தயம் பலருக்குத் தெரியும். ஆளுக்கொரு குதிரை, அதற்கு ஒரு பெயர். ஒவ்வொரு குதிரைக்கும் நான்கு எண்கள்: எடுப்பு (கிளம்பும் வேகம்), உச்ச வேகம், தம் (மூச்சுத் தாங்கும் அளவு), குணம் (முன்னால் ஓடுமா, பின்னால் இருந்து வருமா). புரோகிராம் எழுதியவன் நான். எனக்குக் குதிரை கிடையாது, அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். இந்த சனிக்கிழமை எட்டுக் குதிரைகள் ஓடும் ஸ்டேக்ஸ். அதைப் பற்றித் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

"ஸ்டேக்ஸ், ஸ்டேக்ஸ்னு சொல்றீங்களே, மத்த ரேஸுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் அண்ணே?" – கொருக்குப்பேட்டை

நிஜப் பந்தயத்தில் குதிரை முதலாளிகள் நுழைவுக் கட்டணம் கட்டுவார்கள். அது பரிசுத் தொகையோடு சேரும். அந்தப் பழக்கத்திலிருந்து வந்த பெயர் இது. நாம் ஆளுக்குப் பத்துப் புள்ளி போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். பெரிய பந்தயம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"மாஞ்சா வரிசையாக மூன்று ஜெயித்திருக்கிறது. இதற்கு மேல் என்ன யோசனை?" – ராயபுரம்

யோசிக்க வேண்டியது இங்கேதான். அந்த மூன்றும் 1000 மீட்டர். மூன்றிலும் மாஞ்சாவைத் தவிர முன்னால் ஓடும் குணமுள்ள குதிரை ஒன்றுகூட இல்லை. கேட் திறந்ததும் தனியாகப் போய், தன் இஷ்டத்துக்கு வேகத்தை வைத்துக்கொண்டு ஜெயித்தது. கடைசிப் பந்தயத்தின் நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் 200 மீட்டரை 11.2 நொடியில் ஓடியது. 600க்கும் 800க்கும் நடுவே 11.9, கடைசி 200க்கு 12.4. ஜெயித்தாலும் வேகம் இறங்கிக்கொண்டேதான் வந்திருக்கிறது. இப்போது அதே குதிரை இன்னும் 200 மீட்டர் ஓட வேண்டும்.

அது மட்டும் என்றால்கூட மாஞ்சாவைத்தான் சொல்லியிருப்பேன். இந்த முறை பக்கத்திலேயே நாக் அவுட்டும் பேசின் பிரிட்ஜும் நிற்கின்றன. இரண்டும் முன்னால் போகாவிட்டால் ஓடாத குதிரைகள். இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் கேட்டிலிருந்து (கேட் என்பது குதிரை கிளம்பும் கதவு, உள்வேலிப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும்) மூன்று பேரும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளப் போகிறார்கள். முதல் 400 மீட்டர் கண்ணுக்கு விருந்தாக இருக்கும். அதற்கான வாடகையைக் கடைசி 200 மீட்டரில் கட்ட வேண்டும்.

ஸ்பிரிண்ட், அதாவது குறுந்தூர ஓட்டம் என்றால் வேகமான குதிரை ஜெயிக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. எட்டும் வேகமான குதிரைகள்தானே. முன்னால் போக எத்தனை பேருக்கு ஆசை என்று முதலில் எண்ணுங்கள். ஒன்று என்றால் அதையே எடுங்கள். மூன்று என்றால் மூன்றையும் விட்டுவிட்டு நாலாவதைப் பாருங்கள்.

"அப்போ நாலாவது எது? சுத்தி வளைக்காம சொல்லுங்க." – அதே ராயபுரம்

ஸ்ட்ரைக்கர். வியாசர்பாடியில் கேரம் ஆடும் தம்பியின் குதிரை. நாலாம் கேட். எடுப்பு சுமார்தான், ஆனால் முதல் கூட்டத்துக்கு இரண்டு லெங்த் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குணம். ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம், சுமார் 2.4 மீட்டர். முன்னால் ஓடுபவன் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருபவனுக்குக் காற்றின் எதிர்ப்பு குறையும். சைக்கிளில் லாரிக்குப் பின்னால் போனவர்களுக்கு இது தெரியும் (போகாதீர்கள்). நிஜக் குதிரைக்கும் இந்தச் சலுகை உண்டு, நம் புரோகிராமிலும் வைத்திருக்கிறேன். ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்ததில் ஸ்ட்ரைக்கர் 268 முறை முதலில் வந்தது. மாஞ்சா 203.

"நம்ம வஞ்சிரம் எப்பவும் கடைசியில இருந்துதான் வரும். 1200ல அதுக்கு நேரம் பத்துமா?" – காசிமேடு

முன்னால் சண்டை நடக்கும் பந்தயம் வஞ்சிரத்துக்குப் பிடித்த பந்தயம்தான். கடைசி 200 மீட்டரில் இதைவிட வேகமாக ஓடும் குதிரை எட்டில் இல்லை. எனக்குப் பயம் நேரத்தைப் பற்றி அல்ல, கேட்டைப் பற்றி. முதல் கேட் விழுந்திருக்கிறது. உள்வேலியை ஒட்டிப் பின்னால் கிடக்கும். முன்னால் களைத்த குதிரைகள் ஒவ்வொன்றாக மேலே வந்து விழும்போது வெளியே வர வழி வேண்டும். காலையில் காசிமேடு ஏல நேரத்தில் மீன்கூடையோடு கூட்டத்தில் மாட்டியவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. வழி கிடைத்தால் ஜெயிக்கும். ஆயிரத்தில் 187 முறை கிடைத்தது.

"அத்தோவுக்கு எட்டாவது கேட். முடிஞ்சுதா கதை?" – வியாசர்பாடி

முடியவில்லை, ஆனால் செலவு உண்டு. கணக்கைச் சொல்கிறேன். நம் தடத்தில் முதல் 400 மீட்டர் நேர்ப்பாதை, பிறகு 350 மீட்டர் அரைவட்ட வளைவு, கடைசி 450 மீட்டர் மீண்டும் நேர். அரைவட்டத்தில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் கூடுதலாக 3.14 மீட்டர் ஓட வேண்டும். வட்டம் சின்னதா பெரியதா என்பது பொருட்டே இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்த பைதான். மூன்று மீட்டர் வெளியே போனால் ஒன்பதரை மீட்டர், அதாவது கிட்டத்தட்ட நாலு லெங்த். நாலு லெங்த்தில் பந்தயமே போய்விடும்.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. வளைவுக்கு முன்னால் 400 மீட்டர் கிடைக்கிறது. அதற்குள் அவசரப்படாமல் உள்ளே இறங்கி ஸ்ட்ரைக்கரின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் நஷ்டம் பாதியாகும். பெட்டைக்குதிரை என்பதால் முதுகில் ஏற்றும் எடையில் ஒன்றரை கிலோ சலுகையும் உண்டு.

இந்த வளைவுக் கணக்கில் ஒரு பழைய பாவம் எனக்கு இருக்கிறது. முதல் மாதம் கழித்தல் குறி போட வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டுவிட்டேன். வெளிக் கேட்டில் நின்ற குதிரையெல்லாம் ராக்கெட் மாதிரி வந்தது. உள் கேட்டில் தோற்ற திருவொற்றியூர் அண்ணன் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

"பேசின் பிரிட்ஜ் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க தலைவா." – புளியந்தோப்பு

பெயரை மாற்றுங்கள். சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றுவிடுவது ரயிலுக்கு மட்டும் போதும்.

"கன்டெய்னர்தான் எட்டிலும் பெரிய குதிரை, ஐந்து ஜெயித்தது. ஏன் யாரும் பேசுவதில்லை?" – எண்ணூர்

ஐந்தும் 1600 மீட்டர். ஜெயித்ததற்கேற்ப எடை கூடும் என்பது நம் விதி, அதனால் முதுகில் 60 கிலோ. ஸ்ட்ரைக்கருக்கு 56. ஆறு ஃபர்லாங், அதாவது 1200 மீட்டர் அளவுள்ள ஓட்டத்தில் ஒன்றேகால் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லெங்த் என்பது ரேஸ்காரர்கள் வைத்திருக்கும் குத்துமதிப்பு. அதையே நானும் எடுத்துக்கொண்டேன். நாலு கிலோவுக்கு மூன்று லெங்த்துக்கு மேல் போகிறது. எடுப்பும் மந்தம். மணலி சாலை கன்டெய்னர் லாரி மாதிரி, கிளம்பிவிட்டால் நிறுத்த முடியாது. கிளம்புவதற்குள் 1200 மீட்டர் முடிந்துவிடும்.

"நான் பிளஸ் டூ. 'தம்' என்று ஒரு எண் எதற்கு? ஒரு நிமிஷ ஓட்டத்தில் மூச்சு என்ன பெரிய விஷயம்?" – பெரம்பூர்

நல்ல கேள்வி தம்பி. நல்ல குதிரை 1200 மீட்டரை 70 நொடி அளவில் ஓடும், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். நாலுகால் பாய்ச்சலில் குதிரையின் மூச்சு காலோடு கட்டப்பட்டிருக்கிறது: ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. அதன் இஷ்டத்துக்குக் கூடுதலாக இழுக்க முடியாது. ஒரு பாய்ச்சல் ஆறேழு மீட்டர் என்றால் மொத்த ஓட்டத்துக்கும் இருநூறு மூச்சுக்குள்தான். வரும் ஆக்சிஜன் போதாமல் தசை ஆக்சிஜன் இல்லாமலும் சக்தி எடுக்கிறது. அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீரும். ஆரம்பத்தில் அளவுக்கு மீறி ஓடினால் இன்னும் சீக்கிரம் தீரும். நம் புரோகிராமில் ஒவ்வொரு 200 மீட்டரிலும் குதிரை எவ்வளவு வேகமாகப் போனது என்று பார்த்துத் தம்மிலிருந்து கழிக்கிறேன். வேகம் கொஞ்சம் கூடினால் கழிவு நிறையக் கூடும்.

"ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்துட்டீங்க. அப்புறம் சனிக்கிழமை எதுக்கு? ரிசல்ட் உங்க கையில இருக்கே!" – கல்மண்டபம்

இந்தச் சந்தேகம் வரும் என்று எதிர்பார்த்தேன். கம்ப்யூட்டர் உருட்டும் பகடை உண்மையான பகடை அல்ல. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து வரிசையாக எண்களைக் கக்கும். அதே தொடக்க எண் கொடுத்தால் அதே பந்தயம், அதே முடிவு, தலைமுடி அளவும் மாறாது. ஆகவே தொடக்க எண்ணை நான் தேர்ந்தெடுத்தால் நீங்கள் கேட்பது நியாயம்.

அதனால்தான் ஒரு ஏற்பாடு. சனிக்கிழமை மாடிக்குக் கடைசியாக வருபவரின் பஸ் டிக்கெட் எண்தான் தொடக்க எண். பைக்கில் வந்தால் அதற்கு முன்னால் பஸ்ஸில் வந்தவர். எல்லோர் முன்னிலையிலும் தட்டச்சு செய்வோம். நான் ஓட்டிய ஆயிரமும் ஒத்திகை, வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்க. 268 என்றால் மீதி 732 முறை ஸ்ட்ரைக்கர் தோற்றது என்பதையும் படியுங்கள். நிஜப் பந்தயங்களிலேயே ஃபேவரிட் (ஜெயிக்கும் என்று அதிகம் பேர் நம்பும் குதிரை) ஏறக்குறைய மூன்றில் ஒரு முறைதான் ஜெயிக்கிறது.

"பெரிய இடத்தில் யாராவது இப்படிக் கம்ப்யூட்டர் ரேஸ் ஓட்டியிருக்கிறார்களா, இல்லை நமக்கு மட்டும்தான் இந்தக் கிறுக்கா?" – வண்ணாரப்பேட்டை

2020 ஏப்ரலில் கொரோனாவால் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய தடை தாண்டும் குதிரைப் பந்தயம் ரத்தானபோது பிரிட்டனில் டிவியில் கம்ப்யூட்டர் பந்தயம் காட்டினார்கள். கிட்டத்தட்ட 48 லட்சம் பேர் பார்த்தார்கள். ஜெயித்தது பாட்டர்ஸ் கார்னர். 2018, 2019 இரண்டு வருடமும் நிஜத்தில் வென்ற டைகர் ரோல் கம்ப்யூட்டரில் நாலாவதாக வந்தது. பாட்டர்ஸ் கார்னர் ஒன்றும் வழிப்போக்கன் அல்ல, சில மாதம் முன்புதான் வெல்ஷ் கிராண்ட் நேஷனலை நிஜமாகவே வென்றிருந்தது. அடுத்த மாதம் அமெரிக்காவில் டிரிபிள் கிரவுன் (ஒரே வருடத்தில் மூன்று பெரிய பந்தயங்கள்) வென்ற 13 குதிரைகளையும் காலம் தாண்டி ஒன்றாக ஓடவிட்டார்கள். செக்ரடேரியட் ஜெயித்தது. 1973இல் அந்த மூன்றில் ஒன்றான பெல்மான்ட்டில் 31 லெங்த்தில் ஜெயித்த குதிரை. அது தோற்றிருந்தால் புரோகிராமைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

"குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. நாமளும் ஐம்பது நூறு கட்டினா என்ன?" – கொடுங்கையூர்

1996 தீர்ப்பைச் சொல்கிறீர்கள். 1974இல் தமிழ்நாட்டில் பந்தயத்துக்குத் தடை போட்ட சட்டம் மீதான வழக்கு, கிண்டி ரேஸ் கோர்ஸ் சம்பந்தப்பட்டது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறமை எல்லாம் முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். நம் மாடியில் ஜாக்கி ஏது? கடைசி வார்த்தை பஸ் டிக்கெட் உடையது. 2025இல் வந்த மத்திய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது. நம்மிடம் பணம் கிடையாது, வரவும் வராது. குதிரை ஜெயித்தவர் எல்லோருக்கும் அத்தோவும் (குதிரை அல்ல, பர்மா நூடுல்ஸ்) டீயும் வாங்க வேண்டும் என்ற விதியை அதற்காகத்தான் வைத்தோம். ஜெயித்தவனுக்குச் செலவு வைத்தால் சூதாட யாருக்கு மனசு வரும்?

"ஆடிக்கூழ் புதுசு. சான்ஸ் இருக்கா?" – ஓட்டேரி

இன்னும் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. குணத்தில் நல்ல எண், வேகத்தில் குறைவு. ஆயிரத்தில் 18. அடுத்த மாதம் எளிய பந்தயத்தில் விடுங்கள்.

"நாக் அவுட் முதலாளி நான். எனக்கு என்ன யோசனை?" – பெயர் போடவில்லை

குணத்தைப் பின்னால் இருந்து ஓடும்படி மாற்ற வெள்ளி இரவு எட்டு மணி வரை நேரம் இருக்கிறது. மாற்றினால் முன்னால் இரண்டு பேர்தான். நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் கலையும், மாஞ்சா திரும்பவும் ஃபேவரிட் ஆகும். மாற்றாவிட்டால் முதல் 400 மீட்டர் உங்களுடையது. கைதட்டல் அங்கேதான் அதிகம் கிடைக்கும். ராயபுரம் அண்ணன் உங்களுக்கு போன் செய்வார் என்று நினைக்கிறேன்.