‘நான் யாருன்னு சொல்லுங்க?’ என்று அவரிடம் கேட்காதீர்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக்கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு (வயது 64) இரண்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து, வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் சரியாக வரவில்லை. கண்ணாடி வேண்டுமென்றால் ‘தண்ணி’ என்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தால் டம்ளரைத் தட்டிவிட்டு அழுகிறார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று அம்மா பயப்படுகிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: புத்தி பேதலிக்கவில்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சுக்கான பகுதி மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. உடம்பின் வலப்பக்கத்தை இயக்குவதும் அதே இடப்பக்கம்தான். அதனால்தான் வலது கையோடு பேச்சும் போனது. இதற்கு அஃபேசியா என்று பெயர். அப்பாவுக்குக் கண்ணாடி எதுவென்று தெரியும், சொல்தான் மாறி வருகிறது. கடைப்பையன் துவரம்பருப்புக்குப் பதில் கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுத்த மாதிரி. டம்ளரைத் தட்டிவிட்டதே, தான் கேட்டது இதுவல்ல என்று அவருக்குத் தெரிவதால்தான். சிலருக்குப் புரிதலும் ஓரளவு அடிபட்டிருக்கும். சைகை காட்டாமல் ‘கண்ணை மூடுங்கப்பா’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், ஓரளவு தெரிந்துவிடும்.

ஒருமுறை போதும். நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ‘நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்’ என்று பரீட்சை வைப்பார்கள். நாற்பது வருஷம் கணக்கு பார்த்த மனிதருக்கு அது எவ்வளவு அவமானம்! வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள்: ‘உள்ளே போனதும் உங்க பேரை நீங்களே சொல்லிடுங்க.’

நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் தப்பு செய்திருக்கிறேன். இப்படி ஒரு பெரியவர் வாயைத் திறப்பதற்குள் ‘சாப்பாடா? வலியா? பாத்ரூமா?’ என்று அடுக்கிக்கொண்டே போவேன். ஒருநாள் இடது கையை நீட்டி என் வாயைப் பொத்திவிட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருக்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த நேரம் நமக்குத்தான் நீளம்.

டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். வலப்பக்கப் பார்வை குறைந்திருக்கவும் வாய்ப்புண்டு, கொஞ்சம் இடப்புறமாக இருப்பது நல்லது. ‘என்ன வேணும்?’ என்பதைவிட, இரண்டையும் கையில் காட்டி ‘காபியா, மோரா?’ என்று கேட்பது அவருக்கு எளிது. ‘ஆமாம்’, ‘இல்லை’கூட மாறி வரலாம், அதனால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டப் பழக்குங்கள். கண்ணாடி, மாத்திரை, கழிப்பறை, பேரப்பிள்ளைகள் என்று போட்டோக்களை ஒரு அட்டையில் ஒட்டிப் பக்கத்தில் வையுங்கள். புரியாதபோது புரிந்த மாதிரி தலையாட்ட வேண்டாம். கண்டுபிடித்துவிடுவார். குழந்தையிடம் கொஞ்சுவதுபோல் பேசுவதும், அவர் காதுபடவே அவரைப் பற்றி அடுத்தவரிடம் பேசுவதும் வேண்டாம்.

அழும்போது ‘எல்லாம் சரியாயிடும், அழாதீங்க’ என்றுதான் நமக்கு வாயில் வரும். நான் அப்படிச் சொல்வதில்லை. ‘சொல்ல வந்தது வரலைன்னு கோபமா இருக்கு, இல்லப்பா?’ என்று கேட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கவாதத்துக்குப் பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பாடு, தூக்கம் குறைந்து நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

பேச்சு வராதவர்கள் பலருக்கு ஒன்று, இரண்டு எண்ணுவதும், பழகிய பாட்டும் தடையில்லாமல் வரும். கூடச் சேர்ந்து பாடுங்கள், பாதி வரியை அவருக்கு விட்டுவிடுங்கள். பேச்சுப் பயிற்சியை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். ஜிப்மரோ வேறு மருத்துவமனையோ, எங்கே காட்டுகிறீர்களோ அங்கேயே பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், தூக்கி உட்கார வைக்கும்போது வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். சாப்பிடும்போது இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ ஊட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். வந்துகொண்டிருந்த பேச்சு ஒருநாள் திடீரென்று நின்றாலோ வாய் கோணினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.