ராஜேந்திரன் வந்தால் போதுமா?

அன்புள்ள சார்,

விடுதி அறையில், ஒரு நாகரிகத்தை வளர்த்து ஆளும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 5 ஆடி இரண்டு அரியர் வைத்தவன் நான். இன்றுவரை இந்தத் தொடரை விடவில்லை. 2025இல் வந்த ஏழாம் பாகத்தில் சோழர்களைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். ஆனால் விளையாட்டு வெளியானபோது மூன்று யுகங்களில் நடு யுகத்துக்கு மட்டும்தான் அவர்கள். யுகம் முடிந்ததும் வேறு நாகரிகத்துக்கு மாறச் சொன்னது. அப்போது தலைவர்களில் ராஜேந்திரனும் இல்லை. எட்டாம் பாகத்திலாவது ராஜேந்திரன் தலைமையில், கி.மு. 4000 முதல் கடைசி டர்ன் வரை சோழனாகவே ஆட வேண்டும் என்பது என் ஆசை. நீங்கள் அடுத்த பாகத்தில் எதை எதிர்பார்க்கிறீர்கள்?

தினேஷ்

அன்புள்ள தினேஷ்,

ராஜேந்திரன் மட்டும்தான் வேண்டுமென்றால் எட்டாம் பாகத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற இன்னொரு விளையாட்டுக்கு 2022இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் (கூடுதல் தொகுப்பு) அவருக்கென்றே ஒரு கதைத்தொடர் இருக்கிறது.

ஏழாம் பாகத்துச் சோழர்களில் என்னைக் கவர்ந்தது வேறு. தஞ்சைப் பெரிய கோயில் வரும் என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் சோழருக்கு மட்டும் உரிய கட்டடங்களாக, பழைய வணிகக் குழுக்களின் பெயரில் அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் கொடுத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஐந்நூற்றுவர் என்ற நகரப் பகுதி உருவாகும் என்று வைத்தார்களே, அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாள் சுழற்றும் அரசனை விட்டுவிட்டு வணிகக் குழுக்களைப் பிடித்திருக்கிறார்கள். கல்வெட்டுப் பக்கம் போய்வந்த யாரோ அந்தக் குழுவில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி உங்கள் கேள்வி. இந்தத் தொடருக்கு ஒரு பழைய நோய் உண்டு. பாதி ஆட்டத்திலேயே யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடும். மிச்சமெல்லாம் ‘அடுத்த டர்ன்’ பட்டனை அமுக்கும் வேலை. இந்தத் தொடரைத் தொடங்கிய சிட் மெயர் 2010இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இதன் வேரைத் தொட்டார். எழுச்சி, வீழ்ச்சி, மீண்டும் எழுச்சி என்றுதான் அவர் முதலில் யோசித்திருந்தார். ஆனால் ஏதாவது கெட்டது நடந்த உடனே ஆடுபவர்கள் முன்பு சேமித்துவைத்த ஆட்டத்தை மீண்டும் லோட் செய்துகொண்டார்கள். ஆகவே 1991இல் வந்த முதல் பாகத்திலிருந்தே நமக்குக் கிடைப்பது எழுச்சி மட்டும்தான்.

ஆறாம் பாகத்துக்கு 2018இல் வந்த விரிவாக்கத்தின் பெயரே ‘எழுச்சியும் வீழ்ச்சியும்’. அதிலும் இருண்ட காலத்தைத் தாண்டி உடனே பொற்காலத்தை எட்டினால் அது வீர யுகமாகி, கூடுதல் பரிசு கிடைத்தது. கணக்குப் போட்டு வேண்டுமென்றே இருண்ட காலத்துக்குள் இறங்கினோம். நானும்தான். ஏழாம் பாகம் இன்னும் துணிந்தது: அது வெளியானபோது, யுகம் முடிந்தால் தலைநகர் தவிர மற்ற நகரங்கள் சிற்றூர்களாகின, தளபதிகளோடு இல்லாத படைகளில் பெரும்பாலானவை காணாமல் போயின. நோக்கம் சரி. ஆனால் நான் எந்தத் தவறும் செய்யாமலேயே என் ராஜ்ஜியம் சரிந்தது. பரீட்சை ஹாலில் மணி அடித்ததும் தாளைப் பிடுங்குவது மாதிரி.

நீங்கள் கேட்கும் சோழர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்க காலத்தில் கரிகாலன். அதன்பின் பல நூற்றாண்டுகள் அவர்கள் இருந்த இடம் தெரியவில்லை. பல்லவருக்கும் பாண்டியருக்கும் நடுவில் உறையூர்ப் பக்கம் சிற்றரசர்களாக ஒடுங்கிக் கிடந்தார்கள். 850 வாக்கில்தான் விஜயாலயன் தஞ்சையைப் பிடிக்கிறான். 1025இல் கடாரம். 1279இல் எல்லாம் முடிந்தது. இதை இந்தத் தொடரின் எந்தப் பாகத்திலாவது ஆட முடியுமா? நான்காம் பாகத்துக்கு 2006இல் வந்த விரிவாக்கம் கப்பம் கட்டும் அரசுகளைக் கொண்டுவந்தது. ஆனால் கப்பம் வாங்கும் நாற்காலியில்தான் நம்மை உட்கார வைத்தது.

எட்டாம் பாகத்தில் நான் கேட்பது அந்த இன்னொரு நாற்காலியைத்தான். ஒரே ஊர், நாலு குதிரை, தலைக்கு மேல் ஒரு பல்லவன். யாருக்குப் பெண் கொடுப்பது, யார் படையோடு போவது, கப்பத்தை எந்த வருஷம் நிறுத்துவது என்று நூறு டர்ன் யோசிக்க வேண்டும். அது சலிப்பாக இருக்கக் கூடாது. அங்கேதான் வடிவமைப்பாளருக்கு வேலை. அப்படி ஒரு விதி வந்துவிட்டால் தலைவர் படத்தில் ராஜேந்திரன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் சோழனாக ஆடியிருப்பேன். அது இல்லாமல் அவரை மட்டும் போட்டால், மீசை மாற்றிய இன்னொரு அலெக்சாண்டர்தான்.

கணினி எதிரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் பாகத்தின் உச்சக் கடினத்தில் தொடக்கத்தில் நமக்கு நகரம் நிறுவும் குடியேறி ஒன்று, அதற்கு மூன்று. புத்தி வராத பிள்ளைக்குக் காசு கொடுத்து அனுப்புகிறார்கள். எட்டிலாவது படிக்க வைக்கட்டும்.

அதுவரை ஒரு வேலை தருகிறேன். ஆறாம் பாகத்தைத் திறந்து, எது நடந்தாலும் லோட் செய்வதில்லை என்று முடிவெடுத்து ஆடுங்கள். முதல் நகரம் பறிபோகும், மௌஸ் தானாக மெனுவுக்குப் போகும். அது எத்தனையாவது டர்னில் என்று எழுதுங்கள். நான் 143 வரை தாக்குப்பிடித்தேன்.