டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸிலிருந்து (பல கணினிகளைச் சேர்த்து ஒரே வேலையைச் செய்யவைக்கும் துறை) மெஷின் லேர்னிங்குக்குப் (தரவிலிருந்து கணினியைக் கற்கவைக்கும் துறை) போனால் பழைய அனுபவம் வீணாகுமா?

ஆகாது. கூகுள் பொறியாளர் ஜெஃப் டீனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் கூகுளில் சேர்ந்தவர். சக பொறியாளர் சஞ்சய் கெமாவத்துடன் அவர் எழுதிய மேப்ரெட்யூஸ் கட்டுரை 2004-இல் வந்தது. அந்த முறையில், பெரிய வேலையை ஆயிரக்கணக்கான சாதாரணக் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நடுவில் ஒன்று படுத்துவிட்டால் அதன் பங்கை மட்டும் வேறொன்று திரும்பச் செய்யும். அப்புறம் 2011-இல் கூகுள் பிரெய்ன் என்ற மெஷின் லேர்னிங் ஆய்வுக் குழு. அங்கேயும் தலைவலி அதேதான்: ஒரே கணினியில் அடங்காத நியூரல் நெட்வொர்க்கை (மூளையின் நரம்பணுக்களைப் பார்த்து அமைத்த, தரவிலிருந்து கற்கும் மாதிரி) 16,000 பிராசசர் கோர்களில் (கணினியில் கணக்குப் போடும் பகுதிகள்) பரப்பிப் பயிற்றுவித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1990-இல் இளநிலைப் படிப்புக்கு அவர் எழுதிய ஆய்வேடே நியூரல் நெட்வொர்க்கைப் பல பிராசசர்களில் பயிற்றுவிப்பது பற்றித்தான். அதனால் அவர் துறை மாறினார் என்பதைவிட, பழைய வீட்டுக்குத் திரும்பினார் என்றுதான் சொல்வேன். உங்களுக்கு, புள்ளியியலும் லீனியர் அல்ஜீப்ராவும் கொஞ்சம் தூசி தட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.