வாசகர் கேள்வி: பிளவுபட்ட நாட்டில் நீதிமன்றம்

கேள்வி: இனத்தாலும் மொழியாலும் ஆழமாகப் பிளவுபட்ட நாடுகளில் அரசியலமைப்பு நீதிமன்றத்தால் இணக்கத்தை உண்டாக்க முடியுமா?

பதில்: இணக்கத்தை உண்டாக்குவது அரசியல்வாதிகளின் பொறுப்பு, எட்டிய உடன்பாட்டை எத்தரப்பும் தன் வசதிக்கேற்ப வளைக்காமல் காப்பதே நீதிமன்றத்தால் இயன்றது. தென்னாப்பிரிக்காவில், கட்சிகள் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட 34 கோட்பாடுகளுக்குப் புதிய அரசியலமைப்பின் வரைவு முழுமையாகப் பொருந்தவில்லை என்று 1996 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதற்குச் சான்றளிக்க மறுத்தது. திருத்தப்பட்ட வரைவை டிசம்பரில் ஏற்றது. அளவுகோலைக் கட்சிகளே வகுத்திருந்ததால், தீர்ப்பைப் பக்கச்சார்பானது என்று எவரும் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

பொஸ்னியாவின் நிலை கடினமானது. அங்கு நடந்த போரை முடித்த 1995ஆம் ஆண்டின் டேட்டன் உடன்படிக்கைப்படி, அரசியலமைப்பு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் மூவர் வெளிநாட்டினர். அவர்களை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தலைவர் தேர்ந்தெடுக்கிறார். பொஸ்னியாக்கள் (பொஸ்னிய முஸ்லிம்கள்), செர்பியர், குரோட்டியர் ஆகிய மூன்று மக்களும் நாடு முழுவதும் சம உரிமை உடையவர்கள் என்று 2000இல் வந்த தீர்ப்பு 5–4 என்ற கணக்கில் அமைந்தது; பொஸ்னியாக் நீதிபதிகள் இருவரும் வெளிநாட்டினர் மூவரும் ஒரு பக்கம், செர்பிய, குரோட்டிய நீதிபதிகள் நால்வரும் மறுபக்கம். தீர்ப்பு நியாயமானதென்றே கருதுகிறேன். ஆயினும் வாக்குகள் இனவாரியாகப் பிரிந்த தீர்ப்பைத் தோற்ற தரப்பு தன்னுடையதாக ஏற்பது அரிது.

பெல்ஜியத்தில் பன்னிரண்டு நீதிபதிகளில் ஆறு பேர் டச்சு மொழியினர், ஆறு பேர் பிரெஞ்சு மொழியினர்; அவர்களில் பாதிப் பேர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் என்பது நமக்கு வியப்பளிக்கலாம், ஆனால் பேரம் பேசிப் பழகியவர்கள் அங்கே பயன்படாமலும் இல்லை.