முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடித்ததால், மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஊர்ப் பெரியவர்கள் கூடி, 'மனமொத்துப் பிரிகிறோம், இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்' என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு லட்சம் கொடுத்தார்கள். என் 18 பவுன் நகை மாமியார் வீட்டிலேயே இருக்கிறது. இப்போது அவர் வேறு பெண் பார்க்கிறார். 'நமக்குள்ளதான் எல்லாம் தீர்ந்துபோச்சே' என்கிறார். நாங்கள் இனி எதுவும் கேட்க முடியாதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, நீங்கள் இன்னும் சட்டப்படி அவர் மனைவிதான். நீங்கள் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அந்தச் சட்டப்படி திருமணத்தை நீதிமன்றம்தான் ரத்து செய்ய முடியும். நோட்டரி முத்திரை இருந்தாலும் அந்தத் தாள் தீர்ப்பாகாது. சில சமூகங்களில் வழிவழியாக வரும், நீதிமன்றம் போகாமலேயே திருமணத்தைத் தீர்த்துவிடும் வழக்கத்தைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நிரூபிக்க வேண்டியவர் அவர். அது சுலபமில்லை. நிரூபிக்காமல் மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட.

ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தது உங்கள் உரிமையைப் பறிக்காது. வாங்கிய ஒரு லட்சத்தை மட்டும் மறைக்காமல் மனுவில் சொல்லிவிடுங்கள். மகளின் பராமரிப்பு அவளுடைய உரிமை; அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் கிடையாது.

ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125; அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 144. பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்து வாழும் மனைவிக்கு இதில் ஜீவனாம்சம் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் 'மனமொத்து' என்ற அந்த வரியைத்தான் முதலில் காட்டுவார். அதனால் அடி தாங்காமல் வெளியேறியதையும், எந்தச் சூழலில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதையும் மனுவில் விவரமாக எழுதுங்கள். சிகிச்சைச் சீட்டு, போலீஸ் புகார் ரசீது எது இருந்தாலும் இணையுங்கள். கூடவே 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் மனு போடலாம். பணமும் நகையும் இரண்டையும் அதில் கேட்க முடியும். நகை உங்கள் சீதனம், முழுக்க உங்களுடையது. கடை பில், கல்யாண ஆல்பம் எல்லாம் சாட்சிதான்.

தாமதிக்காதீர்கள். மனு போட்ட தேதியிலிருந்துதான் ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். இருவரும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம்.

சரி, பிரிவதுதான் முடிவு என்றால் இருவருமாகக் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு செய்யுங்கள். மனு போட்டபின் உள்ள ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் நினைத்தால் தளர்த்தலாம். மகளின் படிப்புச் செலவு, நகை, உங்கள் தொகை எல்லாம் அந்த மனுவிலேயே வந்துவிட வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், முத்திரைத்தாளின் நகலோடு போய்க் கேளுங்கள். அதுவரை அவர் தரப்பு நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.