தப்புக் கணக்கை அழிக்க விடமாட்டேன்

கேள்வி: தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் யாராவது இருக்கிறீர்களா? பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நீங்களாகக் கடைப்பிடிக்கும் வழி என்ன? பயிற்சியில் சொன்னது வேண்டாம், வகுப்பில் நிஜமாகச் செய்வதைச் சொல்லுங்கள்.

இருக்கிறேன். முக்கூடல் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்பு எனக்கு. ஒன்றும் இரண்டும் பெரிய டீச்சருக்கு. அவர் மீட்டிங் போகிற நாளில் ஐந்து வகுப்பும் என் தலையில்.

பயிற்சியில் சொல்வதெல்லாம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். 2022-ல் வந்த தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை, அவர்களுக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக்கொள்ளச் சொன்னது எனக்கு உதவியாகவே இருக்கிறது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புக் கணக்கே வரவில்லை என்றால், அதைச் சொல்லிக்கொடுக்க இப்போது யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கேட்டது என் வழியை. அது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை என்ன விடை சொன்னாலும், சரியோ தப்போ, "எப்படி வந்துச்சு?" என்று கேட்பேன். சிவப்பு மை அதற்கு அப்புறம்தான். சில நாள் சிவப்பு மைக்கு வேலையே வருவதில்லை.

காரணம் இதுதான். பிள்ளைகள் வாய்க்கு வந்ததை விடையாக எழுதுவது ரொம்பக் குறைவு. தப்பாக இருந்தாலும் அதற்குள் ஒரு கணக்கு இருக்கும். அது தெரியாமல் நாம் மறுபடி முதலிலிருந்து நடத்தினால், பிள்ளை தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அடுத்த கணக்கையும் அதே மாதிரிதான் போடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் பக்கம் மழைக்காலம் வந்தால் பெரியவர்கள் பேச்செல்லாம் அணையில் எத்தனை அடி என்பதுதான். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா வராதா என்பது அதில்தானே இருக்கிறது. பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, சேர்வலாறு 156 அடி. திருநெல்வேலிப் பதிப்பு நாளிதழ்களில் நீர்மட்டம் வரும். அதைக் கிழித்து வந்து கழித்தல் நடத்துவேன். பாபநாசத்தில் இன்றைக்கு 87 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரம்ப இன்னும் எத்தனை அடி வேண்டும்? நாலாம் வகுப்பில் பாதிப் பேர் 144 என்று எழுதுவார்கள்.

144 எப்படி வருகிறது? கேட்டால்தான் தெரியும். "3-ல 7 போவாது டீச்சர். அதான் 7-ல 3 எடுத்தேன், 4. அங்கனயும் 4-ல 8 போவாது, 8-ல 4 எடுத்தேன், 4. பொறவு 1." அவன் சொல்வதில் ஒரு இடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை. சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகாது என்று முதல் வகுப்பிலிருந்து நாமே சொல்லிச் சொல்லி வளர்த்தது. அவன் அதை அப்படியே மதித்து நடந்திருக்கிறான். இவனிடம் போய் "கவனமா போடு" என்றால் என்ன அர்த்தம்? அவன் கவனமாகத்தான் போட்டிருக்கிறான்.

இதற்கு நான் உடனே "கடன் வாங்கு" என்று ஆரம்பிப்பதில்லை. "சரில, அணை மொத்தமே எத்தனை அடி?" என்று மட்டும் கேட்பேன். 143. "அதுல 87 அடிக்குத் தண்ணி கெடக்கு. இன்னும் 144 அடி ஊத்தணுமா?" கொஞ்ச நேரம் பலகையைப் பார்ப்பான். அப்புறம் சிரிப்பான், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவள் சிரித்துவிடுவாள். அணைக் கணக்கை நான் எடுப்பதே இதற்காகத்தான். விடை தப்பு என்பதை நான் சொல்ல வேண்டாம், அணையே சொல்லிவிடும். மணிமுத்தாறு 79 அடி என்று கொடுத்துப் பாருங்கள். அதே வழியில் போனால் 161 வரும். 118 அடி அணைக்கு 161 அடி பாக்கி.

அடுத்து அவர்களையே வழி தேடச் சொல்வேன். பெரும்பாலும் கடையில் சில்லறை வாங்கிப் பழகிய பிள்ளைதான் முதலில் கண்டுபிடிக்கும். மளிகைக் கடை அண்ணாச்சி பாக்கி கொடுக்கும்போது கழித்துப் பார்ப்பதில்லை, கூட்டிக்கொண்டே போவார். 87-க்கு 3 போட்டால் 90. இன்னும் 10 போட்டால் 100. அப்புறம் 43. மொத்தம் 56. இந்த வழியில் 56 வந்த பிறகு கடன் வாங்குவதைச் சொல்லிக்கொடுத்தால், இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதா என்று பிள்ளையே சரிபார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, மூன்றாம் வகுப்பில் வருடா வருடம் வருவது. நூற்று ஏழு எழுதச் சொன்னால் 1007. இருநூற்று முப்பத்தைந்து என்றால் 200305. காதில் விழுந்த வரிசைப்படியே எழுதியிருக்கிறது பிள்ளை: முதலில் இருநூறு, அதை ஒட்டி முப்பது, அதை ஒட்டி ஐந்து. நம் காதுக்கும் அப்படித்தான் விழுகிறது, பழகிவிட்டதால் நமக்குத் தெரியவில்லை. இதற்குப் பழைய தினசரிக் காலண்டர் அட்டைகளை வெட்டி வைத்திருக்கிறேன். 200 எழுதிய நீள அட்டை, 30 எழுதிய அதைவிடக் குட்டை, 5 எழுதிய ஒற்றைக் கட்டம். அடியில் 200, அதன்மேல் 30, அதற்கும் மேல் 5, வலது ஓரம் ஒட்டி அடுக்கினால் 235 மட்டும் தெரியும். எடுத்தால் உள்ளே பூஜ்யங்கள் இருக்கும். ஒரு பிள்ளை அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், சைபர் ஒளிஞ்சு கெடக்கு" என்றாள். இடமதிப்பை இதைவிட நன்றாக நான் சொல்லிவிட முடியாது என்று அந்தப் பாடத்தை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

எழுத்துப் பிழையிலும் இதே கதைதான். "வாளப்பளம்" என்று எழுதுகிறவனைப் பத்துத் தடவை எழுத வைப்பது வழக்கம். எங்கள் ஊர்ப் பேச்சில் அவன் வாளப்பளம் என்றுதான் கேட்கிறான், அப்படியே எழுதுகிறான். கேட்ட ஒலி ஒன்றைக்கூட விடவில்லை, ஒற்றுகூடச் சரியாக வைத்திருக்கிறான். அதை முதலில் அவனிடம் சொல்லிவிடுவேன். அப்புறம் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் ழகரச் சொல் எழுத வேண்டியது அவன் பொறுப்பு. வாழை, மழை, கிழமை, தாழ்ப்பாள் என்று எங்கே கண்ணில் பட்டாலும் போய் எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் வயதுக்குத் தேவையான ழகரச் சொற்கள் அப்படி ஒன்றும் ஏராளமில்லை. ஒரு தாள் நிரம்புவதற்குள் கண் பழகிவிடும்.

இங்கே முக்கியமானது, சரியான விடையையும் கேட்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கும். வீட்டில் ஆச்சிக்குப் பெருமை தாங்காது. நான் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லை மட்டும் விட்டுச் சுற்றிலும் கையால் மறைத்து, இது என்ன என்பேன். பிள்ளை முதல் வரியிலிருந்து முணுமுணுவென்று சொல்லிக்கொண்டே வந்து அந்தச் சொல்லில் நிற்கும். அப்படியென்றால் பாட்டாக மனப்பாடம், வாசிப்பு இல்லை. கடைசிச் சொல்லிலிருந்து மேலே வாசிக்கச் சொன்னாலும் தெரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் மூன்றாம் வகுப்பில் என்னிடம் வரும்போதுதான் குட்டு உடையும்.

பிள்ளைக்குத் தெரிந்திருப்பதே தனக்குத் தெரியும் என்று தெரியாமல் இருப்பதும் உண்டு. எங்கள் பக்கம் பாதி வீட்டில் அம்மா மடியில் சுளகு (முறம்) இருக்கும், பீடி சுற்றுவார்கள். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். பிள்ளைகளை அந்த வேலையில் உட்கார வைப்பது சட்டப்படி தப்பு, அதற்காக வீடுகளில் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அம்மா எண்ணுவது காதில் விழாமல் இருக்குமா? 25-ஆம் வாய்பாடு வராது என்று உதட்டைப் பிதுக்கும் பிள்ளையிடம், "எட்டுக் கட்டுல எத்தனை பீடிட்டி?" என்றால் யோசிக்காமல் 200 என்கிறாள். "எப்படி வந்துச்சு?" என்றால், "நாலு கட்டுன்னா நூறுல்லா டீச்சர்." அவ்வளவுதான். 25 × 8 என்று பலகையில் எழுதி, நீ சொன்னது இதுதான் என்று காட்டினேன். அன்றைக்கு முழுக்க 25 × 12, 25 × 16 என்று அவளே போட்டுக்கொண்டிருந்தாள்.

நடைமுறை பற்றி. எங்கள் வகுப்புச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குச் சுற்றிலும் கரும்பலகை ஓடுகிறது. பிள்ளைகள் அட்டைகளை வைத்து ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு படியாகத் தாங்களே ஏறிப் படித்த செயல்வழிக் கற்றல் காலத்தில் போட்டது. அந்த அட்டைகளும் ஏணியும் போய்விட்டன, பலகை இருக்கிறது. பலகையைப் போட்ட புண்ணியவானுக்கு நான் வருடா வருடம் நன்றி சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பாகம். கணக்கு அதில்தான். தப்பு என்று தெரிந்தாலும் அழிக்கக் கூடாது, பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும். நோட்டில் எழுதினால் ரப்பரால் தேய்த்துவிடுவார்கள், எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். பலகையில் இரண்டும் இருந்தால் நடந்துகொண்டே வந்து யார் எங்கே திரும்பினார்கள் என்று பார்த்துவிடலாம்.

எல்லாரையும் எல்லாக் கணக்குக்கும் கேட்க நேரம் கிடையாது, கேட்கிறேன் என்று சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு கணக்கு, மூன்று நான்கு பிள்ளைகள். மீதிப் பேர் ஜோடி ஜோடியாக ஒருத்தருக்கொருத்தர் சொல்ல வேண்டும். ஜோடியை நான்தான் போடுவேன், வாரா வாரம் மாற்றுவேன். இந்தப் பக்கத்தில் எந்தத் தெரு என்று சொன்னாலே மீதி எல்லாம் தெரிந்துவிடும். அவர்களாகச் சேர விட்டால் தெருவாரியாகத்தான் உட்காருவார்கள். கணக்கைச் சொல்லிக்கொடுக்கும் சாக்கில் கீழத்தெருப் பிள்ளையும் மேலத்தெருப் பிள்ளையும் ஒரே பலகைக்கு முன்னால் நின்று சண்டை போடட்டும் என்பது என் எண்ணம். இதற்காக ஒன்றிரண்டு வீடுகளிலிருந்து முகம் சுளித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

காலைச் சிற்றுண்டி பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வருவதற்கு முன்னால், முதல் பீரியடில் "எப்படி வந்துச்சு?" என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் சும்மா நிற்கும். வயிற்றில் ஒன்றும் இல்லாத பிள்ளை விடை சொல்லும், விளக்கம் சொல்லாது. இப்போது கணக்கை முதல் பீரியடுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

பெற்றோர் வந்தால் இன்னமும் பழைய பல்லவிதான்: "கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்க டீச்சர்." அடிப்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே கூடாது என்று இருக்கிறது. ஆனால் அவர்களிடம் சட்டம் பேசிப் பயனில்லை. பையனை அழைத்துப் பலகையில் ஒரு கணக்கு போட வைத்து, எப்படி வந்தது என்று அம்மாவிடமே சொல்லச் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டு நிற்பார். அடுத்த தடவை உரிக்கிற பேச்சு வருவதில்லை.

கடைசியாக, வாயே திறக்காத பிள்ளைகள். எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், "எப்படி வந்துச்சு?" என்றால் தாம் தப்புப் பண்ணிவிட்டோம் என்றே நினைத்துத் தரையைப் பார்ப்பார்கள். அவர்களுக்காகவே பேச்சிமுத்து என்று ஒருத்தனை உண்டாக்கி வைத்திருக்கிறேன். அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையன், யாரும் பார்த்ததில்லை. அவன் போட்ட கணக்கு என்று ஒரு தப்புக் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, இவன் எப்படிப் போட்டிருப்பான் என்று கேட்பேன். தன் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத பிள்ளை பேச்சிமுத்துவைப் பற்றி அரைமணி நேரம் பேசும். "அவன் கடன் வாங்கிட்டான் டீச்சர், ஆனா குடுத்தவன்கிட்ட கொறைக்கல." அது நேற்று அவளே செய்த தப்பு.

இப்போது ஐந்தாம் வகுப்புக்காரர்கள் பேச்சிமுத்து பெயரில் தாங்களே தப்புக் கணக்குப் போட்டு எடுத்து வருகிறார்கள், நான் கண்டுபிடிக்கிறேனா என்று பார்க்க. போன வாரம் ஒன்று கொண்டுவந்தார்கள். பின்னக் கூட்டல், மேலே இருப்பதையும் மேலேயே கூட்டி, கீழே இருப்பதையும் கீழேயே கூட்டியது. அது எனக்கு உடனே பிடிபட்டது. இரண்டாவதாகக் காட்டியதில் மூன்று படி தாண்டித்தான் எங்கே தவறினான் என்று பார்த்தேன், அதற்குள் அவர்கள் மணியடிக்க இன்னும் எவ்வளவு நேரம் என்று எண்ண ஆரம்பித்திருந்தார்கள்.